பாதையோரத்தில் கட்டியிருந்த உரப்பை

தம்பி,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் பேசுகிறாய். சாப்பிட்டாயா என்று கேட்கிறாய், குளிருக்கு வாங்கிய சட்டையின் விலையைச் சொல்கிறாய், அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார் என்று அவள் சொன்னவுடன் ஏதோ வேலை வந்துவிடுகிறது உனக்கு. ஆகவே எழுதுகிறேன். வாய் திறக்காத பிள்ளைகளிடம் எழுதி வாங்கியே காலத்தை ஓட்டிய ஆசிரியன் நான். இப்போது வாய் திறக்காத பிள்ளைக்கு நானே எழுத வேண்டியதாகிவிட்டது. இதில் ஒரு பிரதி உனக்கு வரும். இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பயப்படாதே, உன் பெயரும் நம் தோட்டத்தின் பெயரும் இதில் எங்கேயும் இல்லை. வேலாயுதம் என்றும் பரமேஸ்வரி என்றும் நான் எழுதப் போகிறவர்களின் பெயர்கள்கூட அவையல்ல. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், அது போதும். விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் முதுகுப்பையோடு நம் மலைகளில் நடக்க வருகிறவர்கள் இதைப் படிக்கட்டும். அவர்களில் யாராவது ஒருவர் உனக்கு இதைப் படம் பிடித்து அனுப்புவார். அப்போதாவது நீ முழுதாகப் படிப்பாய்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நியூசிலாந்துக்குப் போகிறாய். அங்கேயும் மலைகள் இருக்கின்றன. வேலை பழகியதும் நீ நடக்கத் தொடங்குவாய், உன் பின்னால் நாலு பேர் வருவார்கள், அது எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்காதே, எங்கே போகிறாய் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ, வெயில் சாயுமுன் இறங்கத் தொடங்கு என்றெல்லாம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. நீ முதன்முதலில் கூட்டிவந்த குழுவில் ஓய்வு பெற்ற என்னையும் சேர்த்துக்கொண்டாயே, அந்த நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உச்சிக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது. பனிமூட்டம் டர்பன்டைன் மரங்களுக்குள் புகுந்து கீழே வழிய ஆரம்பித்தது. நீ எல்லாரையும் நிறுத்தித் திரும்பச் சொன்னாய். வங்கியில் வேலை செய்கிற அந்தப் பருத்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது திரும்பிப் போகவா, உங்கள் ஊர் மலைக்கு உங்களுக்கே பயமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "பயந்தாண்ணே. ஒங்கள முதுகுல தூக்கிக்கிட்டு எறங்குற அளவுக்கு எனக்கு ஒடம்பு இல்ல" என்றாய். அவரே சிரித்துவிட்டார். இறங்கும் வழியில் உன் பின்னால் நடந்துகொண்டே நான் நினைத்தேன், இவன் என்னைவிட நல்ல ஆசிரியன் என்று.

பத்திரமாக நடப்பதை மட்டுமல்ல, பண்பையும் நீ அவர்களுக்குப் பழக்கினாய். கொழுந்துச் சாக்கோடு ஒரு பெண் எதிரே வந்தால் மேட்டுப் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பாரம் சுமக்கிறவளைப் பள்ளத்துப் பக்கம் தள்ளக்கூடாது என்றாய். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் நடக்கும்போது பாட்டுப் பெட்டியை நிறுத்தச் சொன்னாய். துணி காயப்போட்டிருக்கிற வாசலைப் படமெடுத்த பெண்ணிடம், உங்கள் வெள்ளவத்தை வீட்டு வாசலை நாங்கள் வந்து படமெடுத்தால் விடுவீர்களா என்று மெல்லக் கேட்டாய். குறுக்கு வழி என்று தேயிலை நிரைக்குள் இறங்கியவர்களை மேலே கூப்பிட்டாய், அங்கே தண்ணீர் வடியக் கான் வெட்டிச் செடி மூடிக்கிடக்கும், கால் போனால் முழங்கால் போகும் என்று சொன்னாய். அட்டை கடித்தவருக்குச் சவர்க்காரம் தடவிவிட்டு, அது குடிக்கிற இரத்தம் ஒரு கரண்டிகூட இல்லை, நீங்கள் போடுகிற சத்தம்தான் ஒரு வாளி என்றாய். எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பையைக் கொடுத்து, வழியில் கண்ட பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தல், எல்லாவற்றையும் பொறுக்க வைத்தாய். நிறைந்த பைகளோடு நீங்கள் வரிசையாக நிற்கும் படத்தை அம்மா தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினாள். நான் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் காட்டினேன். பாதிரியாரிடமும் காட்டினேன்.

நீ சின்னவனாக இருந்தபோதே இப்படித்தான். நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கு உன்னை முதல்முறை கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? வழியில் ஓரிடத்தில் சிங்களச் சனங்கள் ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டு, அந்த நூலை இழுத்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். வேலி, கம்பி, செடி என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளை நூலாகக் கிடக்கும். நான் தேநீர் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் நீ அந்த நூலையெல்லாம் பிடித்து இழுத்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தாய். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கோபமே இல்லாமல், "புத்தே, ஏக்க குணு நெவெய்" என்றார். மகனே, அது குப்பையில்லை என்று அதற்குப் பொருள். உன் கையிலிருந்து உருண்டையை வாங்கி, முடிந்தவரை பிரித்து மறுபடியும் வேலியின் மேல் போட்டார். நான் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். அதை நான் பிறகு எத்தனையோ தடவை ஆசிரியர்கள் அறையில் சொல்லியிருக்கிறேன். மலைக்கு வந்த இடத்திலும் கூட்டிப் பெருக்குகிறான் பாருங்கள் என் மகன் என்று, உன் சுத்தத்தைப் பற்றிய கதையாகத்தான் சொன்னேன். அந்த அம்மா சொன்னதைக் கதையின் கடைசியில் வேடிக்கைக்காகச் சேர்ப்பேன். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றி என்ன ஆகப் போகிறது.

நடந்ததை நான் வரிசையாக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ பாதியைத்தான் கேட்டாய், மீதியைக் கேட்குமுன் போனை வைத்துவிட்டாய். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும்.

தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் மலை என்றுதான் சொல்வோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. நாலாம் நம்பர் மலையின் விளிம்பை ஒட்டித்தான் நீங்கள் நடக்கிற பாதை வளைந்து போகிறது. அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணி வேலாயுதம். ஒரு சனிக்கிழமை, வேலை முடிகிற நேரத்தில், பாதையிலிருந்து இறங்குகிற நிரைக்குள் ஒரு குளவிக் கூட்டைக் கண்டார். நம் தோட்டத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெற்று உரப்பையைக் கிழித்து, அந்த நிரையின் தொடக்கத்தில் இருக்கிற செடியில் கட்டிவிடுவார்கள். வெள்ளைப் பை தொங்கினால் உள்ளே குளவி இருக்கிறது, சுற்றிப் போ என்று அர்த்தம். இது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. பை கட்டியவர் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் வந்து இன்னொரு தடவை வாயால் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. பை கட்டினாலே சொன்ன மாதிரிதான். லயத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதையும் பழகிவிடுவார்கள். நீ பாடசாலைக்குப் பக்கத்தில் ஆசிரியர் விடுதியில் வளர்ந்தாய், பிறகு கண்டியில் போர்டிங். தேயிலையை நீ எப்போதும் பாதையில் நின்றுதான் பார்த்திருக்கிறாய், நிரைக்குள் இறங்கி ஒரு நாளும் நின்றதில்லை. நானும்தான்.

மறுநாள் ஞாயிறு. உன் குழு வந்தது. காற்றில் கிழிந்து படபடத்துக்கொண்டிருந்த அந்தப் பையை நீ கண்டாய். பச்சைக்கு நடுவில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் கண்ணை உறுத்தியது என்று போனில் சொன்னாய். அவிழ்த்து உன் குப்பைப் பையில் போட்டுக்கொண்டாய். நீங்கள் சத்தம் போடாமல் நடக்கிறவர்கள், ஆகவே குளவி கலையவில்லை. கத்திக்கொண்டு போகிற கூட்டமாக இருந்திருந்தால் உங்களைத்தான் கொட்டியிருக்கும்.

திங்கட்கிழமை வேலாயுதம் பிரஷர் கிளினிக்குக்குப் போய்விட்டார். வேறொரு கங்காணி பெண்களைக் கூட்டிப் போனார். அவர்கள் பார்க்காமல் இறங்கவில்லை, தம்பி. எப்போதும் போல நிரையின் தொடக்கத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் கட்டியிருக்கவில்லை. இறங்கினார்கள். குளவி கிளம்பியதும் கூடையை எறிந்துவிட்டு, சாக்கால் தலையை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பரமேஸ்வரி கானுக்குள் விழுந்துவிட்டாள். எழும்ப முடியவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை. பரமேஸ்வரி யார் என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். என்னிடம் எட்டாம் வகுப்புவரை படித்தவள். நீ கண்டிக்குப் போன முதல் நாள் உன் இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தது அவள்தான். பெட்டியின் கனம் தாங்காமல், "என்னாங்க மாஸ்டர், புத்தகத்துக்குப் பதிலா தொரை பங்களாவையே மடிச்சு வச்சு அனுப்புறீங்களா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த நீ சிரித்தாய். இப்போது அவளுடைய மகள் உயர்தரம் படிக்கிறாள். இல்லை, படித்துக்கொண்டிருந்தாள். பாடசாலைக்குப் போய்ப் பல நாளாகிவிட்டது என்று கேள்வி.

அன்று மாலையே எல்லாரும் வேலாயுதத்திடம் போனார்கள். கூட்டை நீ பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன், பை கட்டினேன் என்றார். போய்ப் பார்த்தார்கள். செடியில் ஒரு நூல்கூட இல்லை. காற்றில் போனால் ஒரு கிழிசலாவது மிஞ்சுமே என்றார்கள், சுற்றியுள்ள நிரைகளில் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டாமலே கட்டினேன் என்கிறான், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் விட்டுவிட்டான் என்று முடிவாகிவிட்டது. கங்காணி வேலையை எடுத்துவிட்டு அவரைப் புல் வெட்டப் போட்டிருக்கிறார்கள். பீலியில் அவர் தண்ணீர் பிடிக்க வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். கருமாதிக்கு வரவேண்டாம் என்று பரமேஸ்வரியின் தம்பி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான். அவர் வந்தார். எல்லாரும் சாப்பிட்டு எழும்பும்வரை வெளியே வேலி ஓரமாக நின்றுவிட்டுப் போனார். நானும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவன்.

அப்போது எனக்குத் தெரியாது. கருமாதிக்கு அடுத்த நாள் அம்மா உன்னோடு போனில் பேசும்போது, எந்த மலை என்று நீ கேட்டாய். நாலாம் நம்பர், நீங்கள் நடக்கிற வளைவுதான் என்று அவள் சொன்னாள், வெள்ளைப் பை கட்டாமல் விட்ட கதையையும் சொன்னாள். நீ போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாய். பையை அவிழ்த்தது நீதான் என்று சொன்னாய். நீயாகச் சொன்னாய் என்பதை நான் மறக்கவில்லை, யாரும் உன்னைக் கேட்கவில்லை. ஆனால் சொன்ன கையோடு, அப்பா, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாய். விசா வந்துவிட்டது, பொலிஸ் என்று வந்தால் எல்லாம் நின்றுவிடும் என்றாய். "நான் சொன்னா மட்டும் அவங்க திரும்பி வரவா போறாங்க?" என்று கேட்டாய். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பயணச்சீட்டு உன் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். அதை நான் பெருமையாக எழுதவில்லை.

எல்லாம் என் வளர்ப்பின் பிழை என்று எழுதி உன்னை லேசாக்கிவிட எனக்கும் ஆசைதான். குப்பையைக் கண்டால் குனிந்து எடு என்று உனக்குச் சொன்னவன் நான்தான், இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குச் சொன்னவனும் நான்தான். அது பிழையான பாடம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. வேண்டுமென்று நீ எதையும் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நடக்க வருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போகிற பாதை யாரோ வேலை செய்கிற இடத்தின் ஊடாகப் போகிறது. காட்டில் கிடக்கிற பிஸ்கட் உறையை யாரும் கட்டி வைப்பதில்லை. கட்டியிருக்கிற எதையும், குறுக்கே போட்டிருக்கிற மரக்கொப்பை, அடுக்கி வைத்த கல்லை, ஒரு மனிதக் கை ஏதோ நினைத்துத்தான் அப்படி வைத்திருக்கிறது. எடுக்கத் தோன்றினால் கீழே லயத்தில் இறங்கி ஒரு வார்த்தை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள், தேநீரும் தருவார்கள். நீங்கள் ஒருவரும் லயத்துக்குள் இறங்குவதில்லை. தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வாசலைத் தாண்டி ஓசையில்லாமல் போய்விடுகிறீர்கள். இத்தனை வருடம் நீங்கள் நடந்த பாதையில், என் மகன் உட்பட, ஒருவருக்காவது வேலாயுதத்தின் முகம் தெரியுமா?

போன ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை, வேலாயுதத்தின் வீட்டுக்குப் போனேன். லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மம்பட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, வாங்க மாஸ்டர் என்று தலைத்துண்டை எடுத்து ஒரு கல்லைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பை கட்டியது உண்மை, அதை அவிழ்த்துக்கொண்டு போனது என் மகன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் பேசாமல் இருந்த நாட்களையும் சேர்த்து.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மாஸ்டர், நீங்க நல்ல மனுசன். ஏம் மனசு ஆறணும்னு பெத்த புள்ள மேலயே பழியத் தூக்கிப் போடுறீங்க. வேணாங்க. வெளிநாடு போற புள்ள."

இல்லை வேலாயுதம், உண்மை என்றேன். போனை எடுத்து, நீங்கள் குப்பைப் பைகளோடு நிற்கிற அந்தப் படத்தைக் காட்டினேன். கோவில் வாசலில் எல்லாருக்கும் காட்டிய அதே படம். அவர் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பைகளின் வாயெல்லாம் கட்டியிருந்தது, உள்ளே இருப்பது ஒன்றும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "எந்தச் செடியில இருந்துச்சாம்? எப்படிக் கட்டியிருந்துச்சாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று எழும்பி வந்ததைப் பார்த்தேன், தம்பி. ஒரு நொடிதான். நீ சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. தெரியாது என்றேன். அந்த முகம் பழையபடி ஆகிவிட்டது.

"பரவாயில்லைங்க. மொதல்ல கட்டுனேன் கட்டுனேன்னுதான் சொன்னேன். எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே ஒண்ணும் வெளங்கல. கண்ண மூடுனா கட்டுற மாதிரியும் இருக்கு, பையக் கையில வச்சிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்ட மாதிரியும் இருக்கு. கட்டலதான் போல மாஸ்டர். கட்டியிருந்தா அந்தப் புள்ள செத்திருக்காதே."

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அங்கிருந்து நேராகக் கண்டாக்கின் வீட்டுக்குப் போனேன், கொழுந்து வேலைக்கெல்லாம் அவர்தானே பொறுப்பு. பொறுமையாகக் கேட்டார். செய்தவர் வந்து தன் வாயால் சொல்லாமல் நான் மேலே என்ன எழுதுவது, மகனை வரச் சொல்லுங்கள் என்றார். பரமேஸ்வரியின் தம்பியிடமும் போனேன். அவன் வாசலில் வைத்தே, வயதான காலத்தில் உங்களையும் அந்த ஆள் பேசவைத்துவிட்டானா என்று கேட்டுக் கதவைச் சாத்தினான். அவளுடைய மகள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தச் சனங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன், நான் சொன்னதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. இந்த ஒன்றை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. நான் நல்லவன் என்பதாலேயே நம்பவில்லை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வேலாயுதம் இப்போது காலையில் பெரட்டுக்கு முன்னாலேயே மலைக்குப் போய்விடுகிறார். எங்கிருந்தோ பழைய உரப்பைகளைச் சேர்த்துக் கிழித்து, கண்ட செடியிலெல்லாம் கட்டுகிறார். நாலாம் நம்பரில் மட்டுமல்ல, இரண்டிலும் ஏழிலும் கட்டுகிறார். கூடு இருக்கிற இடம், இல்லாத இடம் என்ற கணக்கில்லை. புதன்கிழமை நான் மேல்பாதையில் நின்று பார்த்தேன், மலை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது. முதலில் பெண்கள் பயந்து நின்றார்கள். பிறகு திட்டினார்கள். இப்போது சிரிக்கிறார்கள், கங்காணிக்குக் கொடியேற்றம் என்று கேலி பேசுகிறார்கள். கொழுந்து நிறை காட்ட வேண்டுமே, எத்தனை நிரையைத்தான் சுற்றிப் போவார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி ஒரு பையை முழங்கையால் ஒதுக்கிவிட்டு நிரைக்குள் இறங்கினாள், அவள் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். அன்றைக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. நான் மேலேயிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஒரு நாள் வந்து உன் வாயால் சொல். காலை ரயிலில் ஏறினால் பகலுக்குள் வந்துவிடலாம், மாலை ரயிலில் திரும்பிவிடலாம். நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். பொலிஸுக்குப் போக வேண்டுமா என்பதைப் பிறகு பேசுவோம், அதற்கும் நான் கூட வருகிறேன். பயணம் நின்றுபோனால் நின்றுபோகட்டும் என்று என்னால் தைரியமாக எழுத முடியவில்லை, உன் அம்மா அதற்காக என்னவெல்லாம் விட்டுக்கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். நீ வரமாட்டாய் என்றுதான் நான் நினைக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள், எழுத வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். அப்படியும் எழும்பி வந்து மேசை முன் உட்கார்ந்தேன்.

வர முடியாவிட்டால் போனிலாவது எழுதி அனுப்பு. வேறொன்றும் வேண்டாம். மன்னிப்புக்கூட எழுத வேண்டாம். பை எந்தச் செடியில் இருந்தது, பாதைக்கு எந்தப் பக்கம், ஒரு முடிச்சா இரண்டு முடிச்சா, அவிழ்க்கக் கஷ்டமாக இருந்ததா. அதை மட்டும் எழுது. நான் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அப்பா